திரும்பப் பெறப்பட்ட கட்டுரை யார் கணக்கில் சேரும்?

கொங்கு மண்டலத்தில் உள்ள ஒரு தனியார் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளும் ஊரும் அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

ஒவ்வோர் ஆசிரியரும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரைகள் ஆண்டுக்கு நான்கு வெளியிட வேண்டும், தவறினால் இன்கிரிமென்ட் கிடையாது என்று 2021-இல் அவருடைய நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. மறு ஆண்டு துறைத் தலைவர் அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். எழுதி முடிக்கப்பட்ட கட்டுரைகளின் தலைப்புகளும், எந்தக் கட்டுரையில் எத்தனையாவது கட்டுரையாசிரியர் இடம் காலியாக இருக்கிறது, அதன் விலை என்ன என்ற விவரமும் அந்தக் குழுவில் பட்டியலாக வரும். வாசகி 14,000 ரூபாய் கட்டி மூன்றாவது இடத்தை வாங்கினார். அந்தக் கட்டுரையில் அவர் செய்தது அட்டவணைகளைச் சரிபார்த்தது மட்டுமே. கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றின் சிறப்பிதழில் வெளியானது, கல்லூரி ஆண்டு விழாவில் சால்வையும் போர்த்தினார்கள். அடுத்த ஆண்டே இதழ் அதைச் செல்லாதென அறிவித்துத் திரும்பப் பெற்றுவிட்டது. அப்போது யாரும் கேட்கவில்லை. இந்த ஆண்டு கல்லூரியின் தேசியத் தரவரிசை சரிந்த பிறகு, “கல்லூரியின் நற்பெயருக்கு ஊறு விளைவித்தமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது” என்று கேட்டு ஏழு நாள் கெடுவுடன் மெமோ வந்திருக்கிறது.

இதனிடையே, சாயப்பட்டறைக் கழிவுச் சேற்றைக் கலந்து செங்கல் செய்யும் ஆய்வை ஒரு முதுநிலை மாணவியோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக அவர் நடத்தி முடித்திருக்கிறார். அதை மூன்று கட்டுரைகளாகப் பிரித்து அனுப்பும்படி டீன் சொல்கிறார். முதல் ஆசிரியராக முதல்வரின் பெயர் இருந்தால் மெமோ பெரிதாகாது என்றும் சாடையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வாசகியின் கேள்விகள் நான்கு: தேசிய மதிப்பீட்டில் என் மதிப்பெண் நிரந்தரமாகக் குறைந்துவிட்டதா? எனக்கு எதுவும் தெரியாது என்று பதில் எழுதலாமா? முதல்வரின் பெயரைச் சேர்த்துவிடலாமா? வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இது மறந்துபோகுமா?

அன்புள்ள பேராசிரியருக்கு,

கற்பித்தலோடு ஐக்யூஏசி என்ற உள் தர உறுதிப் பிரிவின் கோப்புகளையும் பல ஆண்டுகள் சுமந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கடிதம் முழுவதும் ஒரு தவறான எண்ணம் ஊடாடுகிறது. அதை விலக்கினால்தான் மற்றவை தெளியும்.

உங்களுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை

மத்தியக் கல்வித் துறை 2015-இல் அறிவித்து 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்ட என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசை, கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது. தனி ஆசிரியர் எவரையும் அது எடைபோடுவதில்லை. பொறியியல் பிரிவில் மொத்தம் 100-இல் ஆய்வுக்கும் தொழில்சார் பணிக்கும் 30. அந்த முப்பதின் பெரும்பகுதி இரண்டு கணக்குகளில் அடங்கிவிடும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் உங்கள் கல்லூரியின் பெயரோடு எத்தனை கட்டுரைகள் இருக்கின்றன என்பதை எடுத்து அங்கே பணியாற்றும் ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுப்பது ஒன்று. அவை எத்தனை மேற்கோள்களைப் பெற்றன, அதிக மேற்கோள் பெறும் முதல் 25 சதவீதத்தில் எத்தனை வருகின்றன என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் ‘வெளியீடுகளின் தரம்’ என்று பெயர். காப்புரிமைக்கும் ஆய்வு நிதிக்கும் ஆலோசனை வருமானத்துக்கும் சிறு பங்குகள் உண்டு. இந்த நடைமுறையின் எந்தக் கட்டத்திலும் உங்கள் கட்டுரையை ஒருவர் உட்கார்ந்து படிப்பதில்லை. நாக் என்ற தரச்சான்று அமைப்பின் மதிப்பீட்டில் மூன்றாம் அளவுகோலும் ஆய்வைப் பார்க்கிறது என்றாலும், அதுவும் நிறுவனத்துக்கான மதிப்பீடுதான்.

இந்தக் கணக்கு மூன்று ஆண்டுச் சாளரத்தில் நகர்வது. பழைய ஆண்டுக் கட்டுரைகள் ஒருபக்கம் உதிர, புதியவை மறுபக்கம் சேரும். 2025 தரவரிசையில் முதன்முறையாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு எதிர்மதிப்பெண் வந்தது. இரண்டு ஆண்டுகளாக யாரையும் உறுத்தாத உங்கள் கட்டுரைக்காக இப்போது மெமோ வந்ததன் காரணம் அநேகமாக இதுவே. ஆனால் கல்லூரிக்கு அது சில ஆண்டுகளில் சாளரத்தை விட்டு வெளியேறிவிடும் எண். உங்கள் பெயரைத் தேடுபவருக்கோ அது இருபது ஆண்டு கழித்தும் தெரியும். கட்டுரை எண்ணிக்கையின் பயன் நிறுவனத்தைச் சேர்கிறது, அது பொய்த்துப்போகும்போது வரும் பழி கட்டுரையில் பெயர் உள்ளவரைச் சேர்கிறது. எந்தக் கட்டுரையில் பெயர் கொடுக்குமுன்னும் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு இது.

உங்கள் நான்காவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கல்லூரி மாறினாலும் பழைய கட்டுரை பழைய கல்லூரியின் முகவரியோடுதான் கிடக்கும், உங்கள் பெயர் மட்டும் உங்களோடு வரும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றித் தொகுத்த தரவுத்தளத்தை 2023 செப்டம்பரில் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி யாவருக்கும் திறந்துவிட்டது. இனி உங்களை நேர்காணல் செய்யும் குழுவில் ஒருவராவது பெயரை அதில் தட்டிப் பார்ப்பார் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது அதைவிடப் பாதுகாப்பு.

அதேசமயம் உங்களைத் தனித்த குற்றவாளியாக எண்ணி உருகவும் வேண்டாம். 2023-இல் மட்டும் உலக அளவில் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கு மேல் வைலி நிறுவனத்தின் கீழிருந்த ஹிந்தாவி இதழ்களில் வந்தவை, பெரும்பாலும் சிறப்பிதழ்களின் வழியாக நுழைந்தவை. திரும்பப் பெறுதல் என்பதும் எப்போதும் மோசடி முத்திரை அன்று. அளவீட்டில் பிழை கண்டு ஆசிரியர்களே முன்வந்து திரும்பப் பெற்ற கட்டுரைகள் உண்டு, அவர்களை ஆய்வுலகம் மதிக்கவே செய்கிறது. இதழ் வெளியிட்ட அறிவிப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். நான்கு பக்கக் கடிதத்தில் அந்த ஒரு வரியை நீங்கள் குறிப்பிடவில்லை. மெமோவுக்குப் பதில் எழுதுமுன் அதை அச்செடுத்து நிதானமாகப் படியுங்கள்.

படிப்பவர்களும் எண்ணுபவர்களும்

“வெளிநாடுகளிலும் இதே ஓட்டம்தான், நாம் மட்டும் என்ன செய்ய முடியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இங்கிலாந்தில் 1986-இல் தொடங்கிய தேசிய ஆய்வு மதிப்பீடு, பெயரும் வடிவமும் மாறி, இப்போது ஆர்இஎஃப் என்று வழங்குகிறது. 2021 சுற்றில் 157 நிறுவனங்கள், 76,132 ஆய்வாளர்களின் 1,85,594 ஆக்கங்களை 34 துறைக் குழுக்களிடம் ஒப்படைத்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அமர்ந்து படித்து, புதுமை, முக்கியத்துவம், ஆய்வு நேர்த்தி ஆகிய மூன்றையும் பார்த்து நட்சத்திரம் கொடுத்தார்கள். மொத்தத்தில் ஆக்கங்களுக்கு 60 சதவீதம், ஆய்வு சமூகத்தில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் எண்ணைப் பார்த்து மதிப்பிடக்கூடாது என்று குழுக்களுக்கு விதி இருந்தது. சில அறிவியல் துறைகளில் மேற்கோள் எண்ணிக்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே தீர்ப்பாக்க முடியாது. எந்தக் கட்டுரைக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. துறையின் மொத்தச் சித்திரம் மட்டுமே வெளிவரும்.

உங்கள் சுற்றறிக்கையோடு ஒப்பிட வேண்டிய எண் ஒன்று அதில் உண்டு. அந்தச் சுற்று 2014 முதல் 2020 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கானது. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு முழுநேர ஆய்வாளருக்குச் சராசரியாகக் கேட்கப்பட்டவை இரண்டரை ஆக்கங்கள். தனி ஒருவருக்குக் குறைந்தது ஒன்று, கூடியது ஐந்து. உங்கள் நிர்வாகத்தின் வேகத்தில் ஏழு ஆண்டுகளுக்கு இருபத்தெட்டு ஆகிறது. வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, ஆய்வகம், விடுதிப் பொறுப்பு, அட்மிஷன் காலத்தில் பள்ளி பள்ளியாக அலைச்சல் இவற்றுக்கு நடுவே இருபத்தெட்டு கட்டுரைகளை உண்மையாகச் செய்து முடிக்க முடியாது என்பது சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவருக்கும் தெரிந்திருக்கும். முடியாததைக் கேட்கும்போது சந்தை முளைக்கிறது. அந்த வாட்ஸ்அப் குழு உங்கள் கல்லூரியைத் தேடி வந்தது தற்செயல் அன்று.

இங்கிலாந்து முறையைச் சொர்க்கமாகக் காட்டவும் விரும்பவில்லை. 2021 சுற்றுக்கு ஏறத்தாழ 47 கோடி பவுண்டு செலவானதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கும் துறைத் தலைவர்கள் ஒத்திகை மதிப்பெண் போட்டு ஆசிரியர்களை மிரட்டுவதாகப் புகார்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2010-இல் தேசிய ஆய்வு மதிப்பீட்டுக்காக அவர்கள் 20,000-க்கு மேற்பட்ட இதழ்களை ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். ஏ ஸ்டார் இதழில் இத்தனை கட்டுரை வேண்டும் என்று பல்கலைக்கழக மேலாளர்கள் ஆசிரியர்களுக்கு இலக்கு வைக்கத் தொடங்கியதால் 2011-இலேயே அரசு அந்தத் தரப்பிரிவைக் கைவிட்டது. பின்னர் அந்த மதிப்பீட்டையே நிறுத்திவிட்டார்கள். கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுத்துவந்த சீனாவும் 2020-இல் அதை நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது.

எண்ணும் முறைக்கு ஆதரவாகச் சொல்லவும் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கல்லூரிகள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் படித்து மதிப்பிட ஆள் கிடையாது. கட்டுரைத் தரவு வெளித் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படுவதால் கல்லூரி அதில் கைவைக்கவும் முடியாது. ஆனால் மற்றத் தலைப்புகளின் தரவு பெரும்பாலும் நிறுவனங்களே தருவது. அது சரிபார்க்கப்படுவதில்லை என்ற புகாரின் மேல் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தரவரிசை வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஆண்டுப் பட்டியல் செப்டம்பர் 4-ஆம் தேதிதான் வெளியாயிற்று. கல்லூரிகள் சமர்ப்பித்த தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. உங்கள் கல்லூரியின் கோப்பை எடுத்துப் பாருங்கள். சரிவுக்கு உங்கள் ஒரு கட்டுரைதான் காரணமா, ஆசிரியர் எண்ணிக்கையும் வேலைவாய்ப்பு விவரமும் காரணமா என்பது ஓரளவு புலப்படும். மெமோவுக்கு எழுதும் பதிலில் அது உதவும்.

ஒரு கிளைச்செய்தி. உங்கள் கல்லூரியின் தமிழாசிரியர் பத்து நூல்கள் எழுதியும் ‘பப்ளிகேஷன் பூஜ்யம்’ என்று பட்டியலில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் வெளியாகும் ஆய்விதழ்களும் நூல்களும் பெரும்பாலும் இந்தத் தரவுத்தளங்களுக்குள் இல்லாததன் விளைவு அது. அவருடைய ஆய்வின் தரத்தைப் பற்றி அந்தப் பூஜ்யம் எதுவும் சொல்லவில்லை.

மெமோவுக்குப் பதில்

“எனக்கு எதுவும் தெரியாது” என்று எழுதாதீர்கள். பணம் செலுத்திய ஜிபே பதிவு இருக்கிறது, குழுவில் நீங்கள் அனுப்பிய செய்திகள் இருக்கின்றன. பொய் ஒன்று வெளிப்பட்டால், நியாயமாக உங்கள் பக்கம் இருக்கும் வாதங்களும் அதோடு அடிபட்டுப்போகும். மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாகம் நெருக்கியது உண்மை, ஆனால் உழைக்காத கட்டுரையில் பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொண்டது நீங்கள்தான். அட்டவணை சரிபார்த்ததை ஆசிரியப் பங்களிப்பு என்று எந்த ஆய்விதழும் ஏற்காது. இதை முதலில் உங்களுக்குள் ஒப்புக்கொண்டால் பதில் எழுதுவது எளிதாகும்.

பதில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள்: சுற்றறிக்கை எண்ணும் நாளும், குழுவில் உங்களைச் சேர்த்த நாள், கட்டுரை வெளியான நாள், கல்லூரி அதைத் தன் சாதனையாக ஆண்டறிக்கையில் கணக்குக் காட்டிப் பாராட்டிய நாள், திரும்பப் பெறப்பட்ட நாள். சுற்றறிக்கையின் நகலை இணையுங்கள். உங்கள் பங்களிப்பு எவ்வளவு என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லி, அது தவறு என்றும் ஏற்றுக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் மீது குற்றச்சாட்டு அடுக்குவதைத் தவிருங்கள், நடந்த நிகழ்வே போதுமானது. ஏழு நாள் போதாதென்றால் ஆவணங்களைத் திரட்ட மேலும் பத்து நாள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக எதையும் முடித்துக்கொள்ளாதீர்கள். செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் பழைய போனை விற்றுவிட வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும் நிலை வந்தால் கருவியும் தேவைப்படலாம்.

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்கள் அன்றைய தொழிற்தகராறு சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளர்’ ஆக மாட்டார்கள் என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த வழியை நம்ப வேண்டாம். பணித்துறை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் பதிலின் வரைவைக் காட்டிவிட்டு அனுப்புங்கள், நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் அசல் சான்றிதழ்கள் கல்லூரியின் கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை உங்கள் உடைமை, ஈடாகப் பிடித்துவைக்கும் பொருள் அல்ல. திருப்பித் தரும்படி இப்போதே, மெமோவோடு கலக்காமல், தனிக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து பெற்றுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கோ, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-க்கோ புகார் எழுதுவது உங்கள் உரிமை. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் நேர்மைக் குழுக்கள் இருக்க வேண்டும். ஆனால் அவை பிறர் எழுத்தை எடுத்தாள்வதை விசாரிக்கவே அமைக்கப்பட்டவை. கட்டுரையாசிரியர் இடம் விற்பதை அவை கையிலெடுக்கும் என்று உறுதியாக நம்ப முடியாது. வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுத்தால் எதிர்வினை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். வீட்டுக் கடனும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் நிலையில், முதலில் மெமோவை முடித்துக்கொண்டு, வேறு வேலையை உறுதி செய்துகொண்ட பிறகு புகாரைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பது என் கருத்து. அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

செங்கல் கட்டுரை

சாயக்கழிவுச் சேற்றை என்ன செய்வது என்பது திருப்பூரும் பெருந்துறையும் ஆண்டுக்கணக்கில் விடை தேடும் கேள்வி. நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் அழுத்த வலிமை, நீர் உறிஞ்சல், கன உலோகக் கசிவு மூன்றும் ஒரே மாதிரிகளில் அளக்கப்பட்டிருக்கின்றன. வலிமை ஓர் இதழில், கசிவு வேறோர் இதழில் என்று பிரித்தால், வீடு கட்டப் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு எந்தக் கட்டுரையிலும் முழு விடை இராது. எண்ணுபவருக்கு மூன்று கிடைக்கும், படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒன்றாகவே அனுப்புங்கள். நல்ல கட்டுரை ஒன்று மேற்கோள் வழியாகத் தரவரிசைக் கணக்கிலும் கல்லூரிக்கு உதவக்கூடும் என்பதை டீனிடம் அவர் மொழியிலேயே எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

முதல்வரின் பெயரைப் பற்றி: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர் என்பது மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்து, பிற துறைகளும் பெரிதும் ஒப்புக்கொண்ட வரையறை. முதல்வருக்கு முதல் இரண்டும் இல்லை. ஆய்வக வசதி கொடுத்ததற்காக நன்றியுரைப் பகுதியில் அவர் பெயரைக் குறிப்பிடலாம். பங்களிப்பு அறிக்கை என்ற படிவத்தில் யார் எதைச் செய்தார் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லும் இதழாகப் பார்த்து அனுப்பினால், மறுப்பைச் சொல்லும் சங்கடம் உங்களிடமிருந்து இதழுக்குப் போய்விடும். மெமோவிலிருந்து தப்பப் பெயரைக் கொடுத்தால், ஒரு தவறுக்கு விளக்கம் கேட்கும் இடத்தில் அதே வகைத் தவறை இன்னொரு முறை செய்தவராவீர்கள், இந்த முறை விற்பவராக.

இதழைத் தேர்ந்தெடுக்கையில் ஸ்கோபஸில் இருக்கிறது என்பதையே நற்சான்றாகக் கொள்ளாதீர்கள். தரம் கெட்ட இதழ்களை ஸ்கோபஸே அவ்வப்போது நீக்கி, நீக்கியவற்றின் பட்டியலையும் வெளியிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட, யுஜிசி ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, அதை வைத்து யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். உங்கள் ஆய்வில் நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த ஐந்தாறு கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். அவற்றில் ஒன்றுக்கு அனுப்புங்கள். சோதனைகளைச் செய்தவர் அந்த மாணவி என்று நீங்களே எழுதியிருப்பதால் முதல் பெயர் அவருடையதாகவும், தொடர்புக்குரிய ஆசிரியர் நீங்களாகவும் இருக்கட்டும். அவர் படிப்பை முடித்து வெளியேறுமுன் அசல் அளவீட்டு ஏடுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.